எண்பத்தெட்டில் கொதித்த தண்ணீர்

டார்டூ நகரில், கல்பாலத்துக்கு இந்தப் பக்கம்
அச்சுக் கோக்கிறவன் நான்.
வால்கா ரயிலடியைத் தாண்டி என் செருப்பு போனதில்லை.
ஆனாலும் அலாய்ப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கல்லையும்
தலைகீழாகத் தொட்டிருக்கிறேன்
ஈயத்தில்.

கையெழுத்துப் பிரதியில் பெயர்: டி. ராவ்ட்செப்.
புகையும் குதிரை வியர்வையும் மணக்கிற தாள்கள்.
ஏழாம் தாளில் ஒரு ஈ நசுங்கிக் கிடந்தது,
எங்கள் ஊர் ஈ இல்லை.

"முதல் நாள் பத்து மைல். மறுநாள் நாலு.
மூன்றாம் நாள் கழுதை செத்தது. நடந்தேன்."
புலம்பலுக்கென்று ஒரு வரி கிடையாது.
கணவாயின் உயரம் காண
அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்து,
வெப்பமானியை அதில் நிறுத்தி,
குறித்துக்கொண்டு கொட்டிவிடுவதாம்.
மலை ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்குமாம் தண்ணீர்.
எண்பத்தெட்டில் கொதித்த இடத்தில்
கூடாரத்துக்காரி சிரித்தாளாம்:
"தேயிலை போடாமல் வெந்நீரைப் பனிக்கு ஊற்றுகிற
விருந்தாளியை இப்போதுதான் பார்க்கிறேன்.
உயரம்தானே வேண்டும்?
கீழே ஆட்டுக்கறி ஒரு தொழுகைக்குள் வேகும்,
இங்கே இரண்டு தொழுகை.
எழுதிக்கொள்."

எழுதியிருந்தது.

பிறகு அந்த வரி:
"அடுத்த கழுதையின் காலுக்குக் கட்டுப்போட
என் உள்பாவாடை ஓரத்தைக் கிழித்தேன்."

எழுத்துப் பெட்டி மேல் என் கை நின்றது.
புவியியல் சங்கத்துச் செயலாளர்
முன்னுரையில் பதினேழு தடவை
அவன், அவன் என்று எழுதியிருந்தார்.
அந்தப் பக்கம் வரை அவர் படிக்கவில்லை போல.
எங்கள் எஸ்தோனிய மொழியில் இந்தத் தொல்லை இல்லை,
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்.
ஜெர்மனில் சங்கம் பேசும்.
ஜெர்மனில் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அவனுக்கு இரண்டெழுத்து, அவளுக்கு மூன்று.
ஓரெழுத்து கூடினால் வரி பிதுங்கும்.
இடைவெளி ஈயத்தை மெல்லியதாக மாற்றி மாற்றி
பதினேழு வரிகளை மறுபடி இறுக்கினேன்,
இரவு, ஒற்றை விளக்கில்.
தணிக்கை முத்திரை விழுந்த பக்கத்தில் கைவைத்தால்
வேலை போகும். எனக்கு மூன்று பிள்ளைகள்.
ஏன் செய்தேன் என்று கேட்டால்
இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை.
தப்பை அச்சேற்றப் பிடிக்கவில்லை,
அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அவளே வந்தாள்.
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
த்ரூதா என்றாள், கைகுலுக்கினாள்.
கோத்த பக்கத்தின் மேல் குனிந்து
என்னைப் போலவே தலைகீழாகப் படித்தாள்.
அவள், அவள், அவள்.
முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்,
மறைப்பானேன்.

"நாற்பத்தோராம் பக்கம்," என்றாள்.
"'உள்ளூர்ப் பெண் ஒருத்தி' என்று இருக்கிறது."
நீங்கள் எழுதியதுதான் அம்மா.
"ஆமாம். நான் எழுதியதுதான்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"ஆய்ஜமால் என்று மாற்று.
கறி வேகிற கணக்கு அவளுடையது.
என் வெப்பமானி உடைந்த பிறகு
மூன்று கணவாய்களை அதை வைத்துத்தான் அளந்தேன்."

இப்போது வரி சுருங்கியது.
பத்தி முழுதும் கலைத்துக் கோத்தேன்.
அவள் பக்கத்தில் நின்று
எட்டு விரலால் எழுத்துகளை எடுத்து நீட்டினாள்.
ஆ-வை ஒருமுறை தப்பாகக் கொடுத்தாள்.

சங்கம் அந்தப் பதிப்பை வெளியே விடவில்லை.
பதக்கத்தை வேறொருவர் வாங்கினார்.
அவள் மறுபடி கிழக்கே போனாள்.
ஓஷ் நகரத்திலிருந்து ஒரே ஒரு அஞ்சல் அட்டை:
"நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மூன்று, எட்டாகிவிட்டது. கவனிக்கவும்."

கவனித்தேன். என் தவறுதான்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில்,
மனைவி தேவாலயம் போன பிறகு,
பக்கத்து மருந்துக்கடைக்காரரின் வெப்பமானியை வாங்கி
எங்கள் அடுக்களையில் தண்ணீர் வைக்கிறேன்.
நூறு.
எத்தனை முறை வைத்தாலும்
ஏறக்குறைய நூறு.